பந்தி முதல் பத்திரம் வரை: அறப்பணியில் சமத்துவம்

1925ஆம் ஆண்டில் தமிழக அரசியலின் போக்கையே திருப்பிவிட்ட ஒரு சர்ச்சை, இரண்டு மாணவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பற்றியது. வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பின்னர் சேரன்மாதேவியில் நடத்திய தமிழ்க் குருகுலம் பொதுமக்களின் நன்கொடையால் இயங்கியது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, அதில் ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனி இடத்தில் சாப்பாடு போடப்பட்டது. பிள்ளைகளின் பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் சொன்ன காரணம். பல சாதியாரும் கொடுத்த பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் தனிப் பந்தியா என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். காந்தியடிகள் வரை போன வழக்கு அது. பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டுவது தேசிய இயக்க நிறுவனங்களில் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் கமிட்டியில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயரைச் சாதாரண வைதிகராக ஒதுக்கிவிட முடியாது. லண்டனில் புரட்சியாளர்களோடு இருந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். அப்படிப்பட்டவரின் நல்லெண்ணத்தாலும் ஒரு பந்தியைச் சமமாக்க முடியவில்லை. அறப்பணி செய்யும் எந்தச் சங்கமும் இதைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவரின் மனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சமத்துவம் அந்த மனத்தில் தங்குவதில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை எங்கே உட்கார வைப்பது, யாரைச் சமைக்க விடுவது, யார் பெயரில் எழுதுவது, யார் முடிவெடுப்பது என்னும் நடைமுறைகளில்தான் அது இருக்கிறது, அல்லது இல்லாமல் போகிறது. தமிழர் அறப்பணியின் வரலாற்றை இந்தக் கேள்விகளை வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

யாவருக்கும் சோறு

உணவளிப்பதை உச்ச அறமாகப் பாடிய காப்பியம் மணிமேகலை. அதில் ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்துவந்த சோற்றை யாருக்குக் கொடுத்தான் என்று சாத்தனார் ஒரு பட்டியலே தருகிறார்: பார்வையற்றவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரிப்பார் இல்லாதவர், நோயாளிகள். சமூகம் கடைசியில் நிறுத்துவோர் அனைவரும் அங்கே முதலில் அழைக்கப்படுகிறார்கள். மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே போகிறாள். வேண்டுவது என்ன என்று அரசன் கேட்கும்போது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொல்கிறாள். குற்றவாளி என்று விலக்கப்பட்டவரும் அவளுடைய கணக்கில் பசித்தவரே.

சத்திரங்களின் காலத்துக்கு வந்தால் படம் சற்றுச் சிக்கலாகிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி 1801இல் கும்பினியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அறிவிப்பார்கள் என்று அது விவரிக்கிறது. யாரும் பசியோடு படுக்கக் கூடாது என்பதில் அந்த ஏற்பாட்டுக்கு இருந்த அக்கறை பெரிது. ஆனாலும் சமைத்ததை வேண்டாதவருக்கு அரிசி என்ற ஏற்பாட்டிலேயே, இன்னார் சமைத்ததை இன்னார் உண்ணார் என்ற சமூகமும் ஒளிந்திருக்கிறது. எல்லாருக்கும் சோறு கிடைத்தது. எல்லாரும் சேர்ந்து உண்ணும் நிலை அதனால் வந்துவிடவில்லை.

வடலூர் இந்த இடத்தில்தான் புதிய அடி எடுத்துவைக்கிறது. 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது, ஏறத்தாழ 80 காணி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது ஊரறிந்த செய்தி. ஊரறியாத செய்தி, அந்த அடுப்புக்குப் பின்னால் இருந்த தெளிவு. பசித்தவர் எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர், எந்தச் சாதியார், எப்படிப்பட்ட நடத்தை உள்ளவர் என்று விசாரிக்காமல் உணவிட வேண்டும் என்பதை வள்ளலார் தம் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் கோட்பாடாகவே எழுதிவைத்தார். சாதியையும் சமயத்தையும் கேட்காதே என்றவர் அன்றும் சிலர் இருந்தார்கள். நடத்தையையும் கேட்காதே என்றது அரிது. ‘தகுதியுள்ள ஏழை’ என்று தேடிக்கொண்டிருக்கும் இன்றைய நன்கொடையாளர்களில் பலர் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. குடிக்கிறானே, வேலைக்குப் போகாமல் இருக்கிறானே, இவனுக்கு ஏன் என்று கேட்கும் வழக்கம் நம் அன்னதானக் கூடங்களில் இன்றும் உண்டு.

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது

சமூகச் சீர்திருத்தம் செய்த நிறுவனங்களும் எல்லாரையும் உள்ளே விட்டுவிடவில்லை. சகோதரி சுப்பலட்சுமி இளவயதிலேயே விதவையானவர். 1911இல் பட்டம் பெற்றவர். இளம் விதவைகளின் கல்விக்காக 1912 முதல் அவர் செய்த பணி சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பெரிய விடுதியாக வளர்ந்தது. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் அங்கிருந்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. பழைய ஆசாரம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் பெண்களை அனுப்பியிருக்க மாட்டா. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார். 1927இல் உருவான சாரதா வித்யாலயாவின் வாசல் இன்னும் அகலமானது. ஒரு சீர்திருத்தவாதி தம் காலத்தோடு பேரம் பேசிப் பேசி வாசலை விரித்துக்கொண்டே போனதாக இதைப் படிக்கலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எதிர்கொண்டது வேறு விதமான வாசல். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண்கள் அவருடைய உதவியை நாடினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள இருந்த விடுதிகள் தயங்கின. இவர்களோடு தங்கள் பெண்கள் இருப்பதைப் பிற பெற்றோர் விரும்ப மாட்டார்கள் என்ற அச்சம். முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் அறநிலையங்கள் யாரைத் திருப்பி அனுப்புகின்றன என்று பார்த்து, அவர்களிடமிருந்து தொடங்கிய பணி அது. புதிதாகச் சங்கம் தொடங்குவோர், நம் ஊரில் எந்தத் தேவை அதிகம் என்று கேட்பதற்கு முன்னால், யாரை எல்லாரும் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேட்டால் பணி தானாகப் புலப்படும்.

அடுப்பின் அருகே யார்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் திட்டத்தைத் தமிழகத்தின் பெருமையாகச் சொல்கிறோம். 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய முயற்சி நிதிச் சிக்கலால் சில ஆண்டுகளில் நின்றுபோனது. காமராசர் காலத்தில், 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊராரின் கொடையை நம்பியே எழுந்தது. கல்வித்துறைத் தலைவர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரிசியும் காய்கறியும் விறகும் ஊரிலிருந்தே வந்தன. அரசின் பங்கு பின்னால் வந்து சேர்ந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகளின் தலைமுறைகள் இவை. பந்தியின் கேள்விக்கு இங்கே பெரிய அளவில் பதில் கிடைத்தது. அடுப்பின் கேள்வி மட்டும் மீந்திருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைப்பதை ஊராரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்து உத்தரவு போடப்பட்டது; கண்டனம் எழுந்த பிறகு உத்தரவு ரத்தானது. அவர் திரும்பி வந்து சமைத்தார். இதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் 2004இல், உணவு உரிமை வழக்கில், மதிய உணவுச் சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையிட்டது. வேலைவாய்ப்பு என்ற அளவில் மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். தாழ்த்தப்பட்டவர் கையால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்பது, அறிவுரையாகச் சொல்லப்படாமல் அன்றாட வழக்கமாகிவிடுகிறது.

நம் கோயில் அன்னதானத்திலும் திருமண மண்டபச் சேவைகளிலும் ஊர்ச்சங்கக் கஞ்சி ஊற்றலிலும் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ‘யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம்’ என்று பலகை வைக்கும் இடங்களில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், சங்கத்தின் சமத்துவம் எதுவரை வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரே அளவும் தக்க அளவும்

எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைப்பது எளிது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் கட்டுவோரின் கட்டணத்திலிருந்தே பணமில்லாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. இரு பிரிவுக்கும் அதே மருத்துவர்கள் மாறி மாறிப் போகிறார்கள். அறை வசதியில் வேறுபாடு உண்டு. கண்ணைத் தொடும் கையில் வேறுபாடு இல்லை.

இன்னும் நுட்பமானது அவர்களின் கண் முகாம். ஊரிலுள்ள லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும் கோயில் குழுக்களும் முகாமுக்கு இடமும் விளம்பரமும் ஏற்பாடு செய்கின்றன. ஆனால் அறுவைச் சிகிச்சை இலவசம் என்று சொல்லிவிட்டால் மட்டும் கிராமத்து முதியவர் வந்துவிடுவதில்லை. அவருக்குப் பேருந்துக் காசு வேண்டும், துணைக்கு வருபவரின் அன்றைய கூலி போகும், மதுரையில் சாப்பாடு யார் போடுவார் என்ற கவலையும் உண்டு. இதை உணர்ந்தே நோயாளிகளை வண்டியில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டுத் தங்க வைத்து, திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. வசதியானவருக்குத் தேவைப்படாத ஒன்றை இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் இருவரும் ஒரே அறுவை மேசைக்கு வந்து சேர்கிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதும், மாலையில் கூலிவேலை முடிந்து வரும் பெண்களுக்காகக் கூட்ட நேரத்தை மாற்றுவதும் இதே கணக்கில் சேரும்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கண்டது. நாடெங்கிலுமிருந்து அன்பு லாரி லாரியாக வந்து இறங்கியது. பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து கிடந்தன, உடுத்துவார் இல்லை. உதவியெல்லாம் கடலோர மீனவக் குப்பங்களை நோக்கி, அங்கும் படகு வைத்திருந்தவரை நோக்கியே ஓடியது. கரையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போன தலித் குடும்பங்களும், இருளர்களும் பட்டியலில் இல்லாமல் போனார்கள். படகு இழக்கவில்லை என்பதால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று கொள்ளப்பட்டது. சில தங்குமிடங்களில் தலித் குடும்பங்கள் விலக்கி வைக்கப்பட்டதாகவும் அன்றைய கள அறிக்கைகள் பதிவு செய்தன. ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்ட தொண்டு நிறுவனங்கள், ஊரின் பழைய ஏற்றத்தாழ்வுகளையும் சேர்த்தே விநியோகித்தன. விட்டுப்போனவர்களைத் தேட நிறுவனங்களிடையே ஒருங்கிணைப்பு வேண்டும் என்ற உணர்வு நாகையில் அதன் பிறகே வலுப்பட்டது. வெள்ளமோ புயலோ வரும்போது அவசரமாகக் களத்தில் இறங்கும் இளைஞர் குழுக்கள், முதல் நாளிலேயே பட்டியலை யார் எழுதினார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

நிலமும் நாற்காலியும்

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்தவர்களின் ஊர் அது. சர்வோதயத் தொண்டர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அதன் பிறகு கீழத்தஞ்சையையே தம் களமாக்கிக்கொண்டார்கள். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் உழைத்தவர்கள். தானமாகக் கிடைக்கும் நிலத்தில் விளையாத தரிசு எவ்வளவு என்பதும் அந்த இயக்கத்தில் இருந்தவர்கள் அறிந்ததே. 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளர்களோடு பேசி நியாய விலைக்கு நிலத்தை வாங்கியது. வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் பிரித்து, பத்திரத்தைப் பெண்களின் பெயரில் பதிவு செய்தது. 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

சோற்றில் தொடங்கிய பயணம் இங்கே வேறோர் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒருவேளைச் சோறு பெற்றவர் மறுவேளை மீண்டும் கை நீட்ட வேண்டும். பத்திரம் பெற்றவர் அடுத்த ஆண்டு நன்றி சொல்ல வர வேண்டியதில்லை. குடும்பத் தலைவர் பெயருக்குப் பதில் மனைவி பெயரில் எழுதியது சிறு மாற்றமாகத் தோன்றலாம். குடித்தோ கடன் வாங்கியோ நிலம் கைமாறிப் போகும் வழியை அந்த ஒரு வரி அடைத்தது. வீட்டுக்குள் அவளுடைய பேச்சுக்கும் எடை கூட்டியது.

நாற்காலியைப் பற்றிச் சொல்வதற்கு ஆய்க்குடி இருக்கிறது. தென்காசிப் பக்கத்து அந்த ஊரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால், உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 1981இல், சொந்த ஊரில் ஐந்து பிள்ளைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அது பரவியது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

விருதைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது நிர்வாகம். யாருக்காகப் பணியோ அவர்களே தலைவர் நாற்காலியிலும் கணக்குப் புத்தகத்தின் முன்னும் இருந்தார்கள். எந்தக் கதவுக்கு எத்தனை அகலம் வேண்டும், எந்தப் பயிற்சி பிழைப்புக்கு உதவும், எந்தப் பேச்சு ஒரு பிள்ளையைச் சுருங்க வைக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் சங்கங்களுக்கு

ஊர்தோறும் அறப்பணிச் சங்கங்கள் இருக்கின்றன. ஆண்டு விழாவும் மலரும் உண்டு. மலரைப் புரட்டினால் புரவலர்களின் படம் பெயரோடும் பட்டத்தோடும் இருக்கும். தையல் இயந்திரம் பெறும் பெண்ணின் படமும் இருக்கும். அதன் கீழே ‘பயனாளி’ என்று மட்டும் இருக்கும். வறுமையைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவதை அவர் விரும்பினாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விரும்பினால் பெயரும் பேச்சும் இடம்பெறட்டும்; விரும்பாவிட்டால் படமே வேண்டாம்.

இதற்கெல்லாம் எழும் மறுப்பு ஒன்று உண்டு: இப்படிக் கறாராக இருந்தால் நன்கொடையாளர்கள் விலகிப்போவார்கள் என்பது. சிலர் போகலாம். ஆனால் விசாரிக்காமல் சோறிடும் வடலூர் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பணம் கட்டுவோரையும் கட்டாதோரையும் ஒரே மருத்துவரிடம் அனுப்பும் மருத்துவமனைக்குப் பணம் கட்டுவோர் வருவது நிற்கவில்லை. நிபந்தனை போடும் நன்கொடையாளருக்காக விதியை வளைத்த நிறுவனமோ, பிறகு அந்த நிபந்தனையிலேயே கட்டுண்டு கிடக்கிறது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவான எந்தச் சங்கத்துக்கும் துணைவிதிகள் உண்டு. உறுப்பினர் சந்தா, கூட்டக் குறைவெண், வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து என்பவை அவற்றில் எழுதப்பட்டிருக்கும். உதவி பெறுவோர் யார் என்று தீர்மானிக்கும் குழுவில் உதவி பெற்றவர்களும் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், சங்கத்தின் பந்தியிலும் அடுப்பிலும் வேற்றுமை கூடாது, விட்டுப்போனவர்கள் முறையிட ஓர் இடம் வேண்டும் என்ற நான்கு வரிகளையும் அதில் சேர்க்கத் தடை எதுவும் இல்லை. பெரிய நிதியும் தேவையில்லை. முறைப்படி கூட்டிய ஒரு பொதுக்குழுவில் ஒரு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்தால் போதும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வரவு செலவுக் கணக்குக்கு முன்னால், இதை முதல் பொருளாக வைக்கலாம்.